முதலும் சினையும்

உலகத்துப் பொருள்களுள் பெரும்பாலானவை பல உறுப்புகள் கூடி ஒன்றாய் அமைந்தவை. மரத்திற்கு வேரும் அடியும் கிளையும் இலையும் உறுப்புகள். மாட்டிற்குக் கொம்பும் குளம்பும் வாலும் உறுப்புகள். வண்டிக்கு உருளையும் அச்சும் நுகத்தடியும் உறுப்புகள். உறுப்புகளை உடைய முழுப்பொருளை 'முதல்' என்றும், அதன் உறுப்பைச் 'சினை' என்றும் தமிழ் இலக்கண நூலார் வழங்கினர். சினை என்னும் சொல்லுக்கு மரக்கிளை என்பதும் ஒரு பொருள். முதல் என்னும் சொல்லுக்கு அடி, வேர் என்னும் பொருள்கள் உண்டு. மரத்திற்கு உரிய இவ்விரு சொற்களே எல்லாப் பொருள்களையும் பகுத்து ஆராய்தற்குரிய இலக்கணச் சொற்களாய் நின்றன.

இப்பகுப்பு வெறும் பெயரிடுதற்காக எழுந்ததன்று. முழுமையைச் சொல்லி உறுப்பைக் குறித்தலும், உறுப்பைச் சொல்லி முழுமையைக் குறித்தலும் மக்கள் பேச்சில் நாள்தோறும் நிகழ்வன. கேட்போன் அக்குறிப்பை உணரவில்லையாயின், சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் முடியும். 'முல்லை சூடினாள்' என்றால், கொடியைத் தலையில் சுற்றிக்கொண்டாள் என்று எவரும் கொள்வதில்லை. மலரைச் சூடினாள் என்றே கொள்கின்றனர். ஈண்டு முழுக்கொடியின் பெயர் அதன் உறுப்பாகிய மலருக்கு ஆயிற்று. இது முதலாகுபெயர். இதனைப் பொருளாகுபெயர் என்றும் கூறுவர். 'வெற்றிலை நட்டான்' என்றாலோ, இலையை மண்ணில் ஊன்றினான் என்பது பொருளன்று. கொடியை நட்டான் என்பதே பொருள். உறுப்பாகிய இலையின் பெயர் முழுக்கொடிக்கு ஆயிற்று. இது சினையாகுபெயர். ஆகுபெயரைப் பதினாறு வகையாக விரித்துரைப்பர். அவற்றுள் இவ்விரண்டும் ஒன்றற்கொன்று எதிர்த்திசையில் செல்வன.

பெயரில் மட்டுமன்றி வினையிலும் இவ்வுறவு உண்டு. மரத்திலிருந்து விழுந்த ஒருவனுடைய கை ஒடிந்தால், 'கை ஒடிந்தது' என்றும் கூறலாம். 'அவன் கை ஒடிந்தான்' என்றும் கூறலாம். ஒடிதல் கையின் வினை. ஆயினும் கையை உடையவன்மேல் அவ்வினை ஏறி நிற்கிறது. சினைக்கு உரிய வினை சினையோடும் முடியும், முதலோடும் முடியும் என்று இலக்கணம் இதற்கு இடம் தந்திருக்கிறது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இவற்றை ஆராய்ந்த காலத்திலும், பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூலில் இவற்றைச் சுருங்கச் சொன்ன காலத்திலும், வீடுகளில் எண்ணெய் விளக்குகளே எரிந்தன. மின்சாரம் பிற்காலத்தில் வந்தது. வரும்போதே தன் பெயர்களையும் பிறமொழியிலிருந்து உடன் கொண்டுவந்தது. ஆயினும் அப்பெயர்களை மக்கள் ஆளும் முறையை நோக்கினால், அது பழைய இலக்கணத்தின் வழியிலிருந்து சிறிதும் விலகவில்லை என்பது புலனாகும்.

முதலில் 'பல்பு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். கிரேக்க மொழியில் உருண்டையான கிழங்கு வகையைக் குறித்த ஒரு சொல், இலத்தீன் வழியாக ஆங்கிலத்தில் புகுந்து இவ்வடிவம் பெற்றது. வெங்காயம் போல் திரண்ட வடிவுடைய கண்ணாடிக்கூட்டை அச்சொல் குறித்தது. இழை விளக்கு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் பல உறுப்புகள் இருப்பதைக் காணலாம். வெளியே கண்ணாடிக்கூடு, உள்ளே ஒரு கண்ணாடித் தண்டு, அதன் வழியே செல்லும் இரண்டு கம்பிகள், அவற்றின் நுனிகளுக்கு இடையே சுருள் சுருளாக நிற்கும் டங்ஸ்டன் இழை, அடியில் உலோகத் தொப்பி. ஒளி தருவது இழையே. டங்ஸ்டன் 3,422 பாகை செல்சியசில்தான் உருகும். ஆதலால் வெண்மையாகச் சுடர்விடும் அளவிற்குச் சூடேறியும் அது நிலைத்து நிற்கிறது. கண்ணாடிக்கூடோ ஒளி தருவதில்லை. வெளிக்காற்று இழையைத் தீண்டாதவாறு காப்பதே அதன் தொழில். ஆயினும் மக்கள் முழு விளக்கிற்கும் அந்தக் கூட்டின் பெயரையே சூட்டினர். விளக்கு செய்யும் தொழிலறிஞர் இன்றும் கண்ணாடிக்கூட்டைத்தான் பல்பு என்பர். முழுப்பொருளை அவர்கள் விளக்கு என்னும் பொருளுடைய 'லாம்ப்' என்னும் சொல்லாலேயே குறிப்பர். கடைக்காரரிடம் பல்பு கேட்பவர் ஒருவரும் வெறும் கண்ணாடிக்கூட்டைக் கேட்பதில்லை. ஆகவே இது சினையாகுபெயர்.

இச்சொல்லைத் தமிழாக்கியவர்களும் அவ்வழியே சென்றனர். இலங்கைத் தமிழரிடையே பெருவழக்காய் உள்ள 'மின்குமிழ்' என்னும் சொல்லும், குமிழ் வடிவான கண்ணாடியைச் சொல்லி முழு விளக்கையும் குறிப்பதே அன்றோ? தமிழ்நாட்டார் பெரிதும் எழுதும் 'மின்விளக்கு' என்பது முழுமையைத் தன் பெயராலேயே சொல்கிறது. இரண்டும் நல்ல சொற்களே.

இழை அற்றுப்போன விளக்கைப் 'பல்பு போய்விட்டது' என்கின்றனர். கூடு முழுதாக இருக்கிறது. தொப்பி முழுதாக இருக்கிறது. போனது முடியினும் நுண்ணிய ஓர் இழை. சினையின் வினை முதலின்மேல் ஏறிற்று. 'கை ஒடிந்தான்' என்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

'பேட்டரி' என்னும் சொல் இதற்கு நேர்மாறான திசையில் சென்றது. பீரங்கிகளை வரிசையாக நிறுத்திய தொகுதியைப் படைத்துறையினர் அப்பெயரால் அழைத்தனர். 18ஆம் நூற்றாண்டில், மின்னூட்டம் பெற்ற கண்ணாடிச் சாடிகள் பலவற்றை ஒன்றாக இணைத்த அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், அத்தொகுதிக்கு இப்பெயரை எடுத்து ஆண்டார். எனவே பேட்டரி என்பது தனிப்பொருளின் பெயரன்று. பல சேர்ந்த கூட்டத்தின் பெயர். பலபொருள் கூடிய தொகுதியைப் 'பிண்டம்' என்று இலக்கண நூலார் கூறுவர். நெற்குவியல், படை, காடு என்பன போன்றவை பிண்டப்பெயர்கள். பேட்டரிக்குத் தமிழில் வழங்கும் 'மின்கல அடுக்கு' என்பதும் அத்தகைய பிண்டப்பெயரே. அடுக்கில் உள்ள ஒவ்வொன்றும் மின்கலம். உந்துவண்டியில் உள்ள 12 வோல்ட் அடுக்கில், ஏறத்தாழ 2 வோல்ட் தரும் கலங்கள் 6 உள்ளன.

கைவிளக்கிற்கு உரிய 1.5 வோல்ட் உருளை ஒன்று தனிக்கலமே. அதனைக் கடையில் 'ஒரு பேட்டரி கொடுங்கள்' என்றே வாங்குகின்றனர். கூட்டத்தின் பெயர் கூட்டத்தில் உள்ள ஒன்றற்கு ஆயிற்று. ஒரு வீரனைக் கண்டு 'படை வருகிறது' என்றாற்போல. இதனோடும் பேச்சு நின்றுவிடவில்லை. கலங்களைத் தன்னுள் கொண்ட கைவிளக்கையே பேட்டரி என்று சொல்லும் ஊர்களும் உண்டு. 'இருட்டாக இருக்கிறது, பேட்டரியை எடுத்துக்கொண்டு போ' என்று பாட்டி சொன்னால், பெயரன் வெறும் கலத்தை எடுத்துச் செல்வதில்லை. ஒரே சொல் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. கேட்போர் ஒருவரும் இடர்ப்படுவதில்லை.

பல்பு, பேட்டரி என்பவற்றில் பொருள் மயங்கினாலும் பெருங்கேடு விளைவதில்லை. வேறொரு கருவியின் பெயரில் அவ்வாறு இருக்க இயலாது. அதுதான் 'பியூஸ்' என்று மக்களும், 'உருகி' என்று நூல்களும் வழங்கும் கருவி.

பழைய வீடுகளில் மின்சாரம் நுழையும் இடத்தில் வெண்ணிறப் பீங்கான் கட்டைகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். ஒவ்வொன்றும் இரண்டு கட்டைகள் சேர்ந்தது. அடிக்கட்டை பலகையோடு திருகப்பட்டது. அதில் உலோகக் கவ்விகள் இரண்டு இருக்கும். மேற்கட்டை கழற்றத்தக்கது, அதில் கவ்விகளுக்குள் நுழையும் உலோகத் தகடுகள் இரண்டு இருக்கும். அவ்விரு தகடுகளையும் இணைத்து, பீங்கானின் பள்ளத்தின் வழியே ஒரு மெல்லிய கம்பி செல்லும். ஒரு கவ்வியில் வந்த மின்னோட்டம் தகடு வழியாக அம்மெல்லிய கம்பியில் ஏறி, மறுதகடு வழியாக மறுகவ்விக்குச் சென்று, அதன் பின்னரே வீட்டிற்குள் போகிறது. மேற்கட்டையைப் பிடுங்கிவிட்டால் வழி அறுந்துவிடும்.

இக்கருவியின் உயிர் அம்மெல்லிய கம்பியே. மின்னோட்டம் ஒரு கம்பியில் செல்லும்போது கம்பி சூடேறுகிறது. ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஓட்டம் மும்மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகும். கம்பி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு மிகுதியாக அது சூடேறும். 5 ஆம்பியர் அளவிற்கு உரிய ஈயம் பூசிய செப்புக்கம்பி என்று கடைகளில் கேட்டு வாங்குவது உண்மையில் வெள்ளீயம் பூசியது. அதன் விட்டம் 0.2 மில்லிமீட்டர். 15 ஆம்பியருக்கு உரியது 0.5 மில்லிமீட்டர். விளக்குகளுக்காகச் சுவரில் இழுக்கப்படும் கம்பியின் குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர் என்று கொண்டால், அது 5 ஆம்பியர் உருகுகம்பியைப் போல் ஏறத்தாழ 32 மடங்கு. ஒரே ஓட்டந்தான் இரண்டிலும் செல்கிறது. ஆயினும் மெலிந்த இடமே முதலில் கொதிக்கும். அளவு கடந்த ஓட்டம் வருமானால், சுவருக்குள் இருக்கும் கம்பி கேடுறுவதற்கு முன் உருகுகம்பி உருகி அறும்; ஓட்டம் நிற்கும். வேண்டுமென்றே ஓர் இடத்தை மெலிவாக வைத்து, கேடு முழுவதையும் அவ்விடத்திற்கு வரச்செய்யும் அமைப்பு இது.

5 ஆம்பியர் கம்பி 5 ஆம்பியரைச் சிறிது கடந்த உடனே உருகிவிடும் என்று எண்ணுதல் தவறு. 5 ஆம்பியரை அது எந்நேரமும் தாங்கும். உருகுவதற்கு ஏறத்தாழ இருமடங்கு ஓட்டம் வேண்டும். அந்த இடைவெளியையும் கருதியே சுவர்க்கம்பியைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

இனிப் பெயருக்கு வரலாம். பியூஸ் என்னும் சொல், உருக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. எளிதில் உருகும் உலோகத்துண்டே அப்பெயர்க்கு உரியது. பீங்கான் உருகுவதில்லை, தகடு உருகுவதில்லை, கவ்வி உருகுவதில்லை. உருகும் தொழில் கம்பி ஒன்றற்கே உண்டு. கம்பியின் தொழிலால் வந்த பெயர், கம்பியைத் தாங்கும் முழுக்கருவிக்கும் ஆயிற்று. எடிசன் 1890ஆம் ஆண்டில் இத்தகைய அமைப்பு ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றபோது, அதற்குப் 'பியூஸ் கட்டை' என்று பொருள்படும் பெயரையே கொடுத்திருந்தார். கட்டை வேறு, பியூஸ் வேறு என்னும் பகுப்பு அப்பெயரில் தெளிவாக இருக்கிறது. தமிழ்நாட்டு மின்பணியாளரும் பேச்சில் 'பியூஸ் கட்டை', 'பியூஸ் கம்பி' என்று பிரித்துச் சொல்வதுண்டு. மற்றையோரோ எல்லாவற்றையும் பியூஸ் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றனர். கட்டணம் செலுத்தாத வீட்டில் 'பியூஸைப் பிடுங்கிவிட்டனர்' என்றால் அது மேற்கட்டை. 'பியூஸ் வாங்கிவா' என்றால் பெரும்பாலும் கம்பி. 'பியூஸ் போயிற்று' என்றால் கம்பி அறுந்தது. 'பியூஸ் போன பல்பு' என்றால் இழை அற்ற விளக்கு. அங்கு முன்சொன்ன கருவிக்கு இடமே இல்லை. ஆயினும் அவ்வழக்கையும் முற்றும் பிழை என்று தள்ளுதற்கில்லை. இழை நாட்பட நாட்படத் தேய்ந்து, மிக மெலிந்த இடத்தில் மிகச் சூடேறி அறுகிறது ஆதலின், உருகி அறுதல் அங்கும் உண்டு.

இலக்கண நூல்கள் எடுத்துக்காட்டிற்கு எப்பொழுதும் அழைக்கும் சாத்தனையும் கொற்றனையும் ஈண்டும் அழைத்துக்கொள்ளலாம். சாத்தன் ஒரு துணிக்கடைக்கு உரியவன். கொற்றன் அவனிடம் பணிபுரியும் இளைஞன். ஒருநாள் மாலை கடையில் விளக்குகள் அணைந்தன.

"தம்பி, பியூஸ் போயிற்று, உடனே மாற்றிவிடு" என்றான் சாத்தன்.

"இதோ மாற்றிவிடுகிறேன், ஐயா" என்று கொற்றன் ஓடினான்.

அவன் அறிவுடைய பிள்ளைதான். முதலில் மெயின் சுவிட்சை அணைத்தான். பிறகே மேற்கட்டையைப் பிடுங்கினான். கம்பி அறுந்திருந்தது. உருகுகம்பி கடையில் இல்லை. அங்குமிங்கும் தேடிப் பழைய மின்வடம் ஒன்றின் துண்டை எடுத்தான், உறையைச் சீவினான், உள்ளிருந்த செப்பிழைகளுள் எட்டை ஒன்றாக முறுக்கித் தகடுகளில் திருகினான். விளக்குகள் எரிந்தன. அன்று முதல் பியூஸ் ஒருமுறையும் போகவில்லை. 'கொற்றன் கைபட்டால் பழுதே வராது' என்று சாத்தன் வந்தவரிடமெல்லாம் புகழ்ந்தான்.

சில திங்கள் கழித்து, மின்விசிறி ஒன்றை மாட்டுவதற்கு மின்பணியாளர் ஒருவர் வந்தார். வேலை தொடங்குமுன் மேற்கட்டையைப் பிடுங்கியவர், அதனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இந்தப் பியூஸை மாற்றியவர் யார்?"

"நான்தான் மாற்றினேன், அண்ணா" என்றான் கொற்றன்.

"பியூஸில் எதை மாற்றினாய்?"

"கம்பியை மட்டுந்தான் மாற்றினேன். கட்டை பழைய கட்டைதான்."

"இல்லை, தம்பி. கட்டையை விட்டுவைத்தாய், பியூஸையே எடுத்துவிட்டாய்" என்றார் அவர்.

இதைச் சொல்லிவிட்டு, கடையின் பின்புறத்தில் மின்னடுப்பிற்குச் செல்லும் கம்பியின் உறையைத் தொட்டுக் காட்டினார். மெத்தென்று இருக்க வேண்டிய உறை பழுப்பேறி விறைத்துப்போய் இருந்தது. வளைத்தபோது பொருக்காக உதிர்ந்தது.

மின்பணியாளர் கூறியதன் உண்மையைக் கணக்கிட்டு அறியலாம். 230 வோல்ட் மின்சாரத்தில் 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் மின்னடுப்பு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். இரண்டையும் ஒரே வழியில் ஒரே நேரத்தில் இயக்கினால் ஓட்டம் 13 ஆம்பியர் ஆகும். 5 ஆம்பியருக்கு என அமைந்த வழியில் அப்போது எழும் வெப்பம் முன்னையதைப் போல் ஏறத்தாழ 7 மடங்கு. உரிய உருகுகம்பி இருந்திருப்பின் அது உருகி அறுந்திருக்கும், கடையில் இருள் சூழ்ந்திருக்கும், சாத்தன் சலித்துக்கொண்டிருப்பான். அவ்வளவே. எட்டிழை முறுக்கிய கம்பியோ 13 ஆம்பியரைப் பொருட்படுத்துவதே இல்லை. அது உருகுவதற்கு வேண்டிய ஓட்டம் வருமுன்னரே சுவர்க்கம்பியின் உறை கேடுற்றுவிடும். வழக்கமான பி.வி.சி. உறையுள்ள கம்பி 70 பாகை செல்சியசு வெப்பத்திற்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும். உருக வேண்டியது உருகாமையால், உருகக் கூடாதது உருகுகிறது. துணி அடுக்கிய கடையில் அதன்பின் நிகழ்வதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இலக்கணப்படி கொற்றனுடைய மொழியில் பிழை காண முடியாது. முதலுக்கு ஆறாம் வேற்றுமை வந்தால் சினைக்கு இரண்டாம் வேற்றுமை வரும் என்பது நன்னூலின் விதி. 'உருகியினது கம்பியை மாற்றினான்' என்பது அவ்விதிக்குப் பொருந்துகிறது. முதலுக்கு இரண்டாம் வேற்றுமை வந்தால் சினைக்குக் கண் என்னும் ஏழாம் வேற்றுமை வரும்; 'உருகியைக் கம்பியின்கண் பழுதுபார்த்தான்' என்றாலும் பொருந்தும். ('உருகியது' என்று அது உருபைச் சாரியையின்றிச் சேர்த்தால், உருகிற்று என்னும் வினைமுற்றோடு மயங்கும். இன் சாரியை இவ்விடத்தில் பெரிதும் உதவுகிறது.) மொழி வழுவின்றி இருக்கவும் செயலில் கேடு விளைந்தது எவ்வாறு?

ஆறாம் வேற்றுமை உணர்த்தும் உறவை இரண்டாகப் பகுப்பர். சாத்தனது கை என்பது தற்கிழமை; கை சாத்தனின் ஒரு பகுதி. சாத்தனது வீடு என்பது பிறிதின்கிழமை. வீடு சாத்தனின் வேறான பொருள். கொற்றன் கம்பியைப் பிறிதின்கிழமைப் பொருளாக எண்ணினான். பெட்டிக்குள் வைத்த பண்டத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதுபோல் வைத்தான். எளிதில் கழற்றி மாட்டத்தக்கதாய் இருந்தமையே அவனை அவ்வாறு எண்ணச் செய்தது. மின்பணியாளரோ அதனைத் தற்கிழமையாகக் கண்டார். கம்பி நாள்தோறும் மாறலாம். ஆனால் உருகும் இயல்புடைய ஒரு கம்பி அங்கு இல்லையாயின், எஞ்சி நிற்பது உருகியன்று, பீங்கான் கட்டையே. கழற்றத்தக்க உறுப்பும் தற்கிழமையாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைத்தல் அரிது.

இனி, ஒரு பொருளை முதல் என்றோ சினை என்றோ என்றைக்கும் மாறாதபடி வரையறுத்துவிட முடியுமா? முடியாது என்பதே தமிழ் இலக்கணத்தின் விடை. இன்னவை முதல், இன்னவை சினை என்று பொருள்கள் தனித்தனியே பிரிந்து கிடப்பதில்லை. சொல்வோனுடைய குறிப்பினாலேயே ஒன்று முதலாகவும் சினையாகவும் ஆகிறது. பிண்டமும் அத்தன்மையதே என்று தொல்காப்பியரும் பவணந்தியாரும் உரைத்தனர். மரத்தை நோக்கக் கிளை சினை. அக்கிளையையே அதன் கொம்பும் இலையும் நோக்க முதல். இலையும் தன் நரம்பை நோக்க முதலே.

மின்சார வேலையில் இவ்வுண்மை படிப்படியாக விளங்குகிறது. உருகுகம்பியை நோக்க உருகி முதல். வீட்டின் மின்பலகையை நோக்க அவ்வுருகி ஒரு சினை. தெருவின் மின்கம்பத்திலிருந்து வரும் இணைப்பை நோக்க அந்தப் பலகையும் ஒரு சினை. கம்பி இழுக்கும் ஆலையில் இருப்பவனுக்கோ உருகுகம்பியே முழுப்பொருள். அதற்குச் செம்பு ஓர் உறுப்பு, மேற்பூசிய வெள்ளீயம் ஓர் உறுப்பு. ஆகவே 'பியூஸ் போயிற்று' என்று வீட்டார் சொல்லும்போது வீட்டுப்பலகையில் உள்ளதைக் கருதுவர். மின்வாரியப் பணியாளர் கேட்கும்போது கம்பத்தருகே உள்ளதைக் கருதுவர். இருவரும் ஒரு சொல்லையே சொல்கின்றனர்; இருவர் குறிப்பும் வேறு. 'எந்தப் பியூஸ்? வீட்டிலா, வெளியிலா?' என்று அப்பணியாளர் முதலில் கேட்பது இதனாலேயே. அவர் நன்னூல் படித்தவராய் இருக்க வேண்டுவதில்லை. சொல்வோன் குறிப்பை அறியாமல் கம்பத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை அவர் தொழில் அவருக்குக் கற்பித்திருக்கிறது.

சாத்தன் கடையில் அன்று மின்பணியாளர் செய்த வேலை சிறியது. மெயின் சுவிட்சை அணைத்தார். முறுக்கிய கம்பியைத் திருகுகளிலிருந்து எடுத்தார். தம் பையிலிருந்த அட்டையில் சுற்றிய 5 ஆம்பியர் கம்பியில் ஒரு துண்டை நறுக்கி, ஒரு திருகின் தலைக்கு அடியில் வலமாக ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கி, பள்ளத்தின் வழியே கொண்டுசென்று மறுதிருகில் இறுக்கினார். கம்பியை விறைப்பாக இழுக்கவில்லை; இழுத்தால் நடுவில் மேலும் மெலிந்து, உரிய அளவிற்கு முன்பே அறும். மின்னடுப்பிற்குத் தனியே 15 ஆம்பியர் உருகியும் தடித்த கம்பியும் வேண்டும் என்று சாத்தனிடம் சொன்னார். எஞ்சிய உருகுகம்பியை அட்டையோடு கொற்றன் கையில் கொடுத்தார்.

அந்நாளைய பீங்கான் உருகிகள் இருந்த இடத்தில், இப்பொழுது கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலும் சிறிய நெம்புகோல் உடைய சுற்றுமுறிப்பான்கள் உள்ளன. எம்.சி.பி. என்றும் டிரிப்பர் என்றும் மக்கள் அவற்றைக் குறிப்பிடுகின்றனர். அளவு கடந்த ஓட்டம் சிறிது நேரம் நீடித்தால், உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று சூட்டினால் வளைந்து நெம்புகோலை விழச்செய்யும். திடீரென்று பேரோட்டம் பாய்ந்தால் ஒரு மின்காந்தம் அத்தொழிலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்யும். அதில் உருகுவது ஒன்றும் இல்லை. நறுக்கிப் பொருத்த வேண்டிய கம்பியும் இல்லை. பழுதை நீக்கிய பின் விரலால் நெம்புகோலை மேலே தள்ளினால் போதும். ஆயினும் அது விழுந்த வேளையில், 'பியூஸ் போயிற்று' என்னும் குரலையே இன்றும் பல வீடுகளில் கேட்கலாம். கம்பியின் தொழிலால் பிறந்து, கட்டைக்கு ஆகி, கம்பியும் கட்டையும் இல்லாத கருவிக்கும் அப்பெயர் சென்று சேர்ந்திருக்கிறது. காரணப்பெயராய்த் தோன்றிய சொல், காரணம் நீங்கிய பின் இடுகுறிபோல் நிற்கும் நிலை அது.